கஸ்பார் பிடுங்கிய ஒயர்

ஈஸ்டர் முடிந்த மறுநாள் காலை, ராயபுரத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கஸ்பார் ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். வீட்டில் எது எப்படிப் போனாலும் போகட்டும். காருக்குள் இனிமேல் தான்தான் ராஜா.

குழம்புக்கு எவ்வளவு புளி, டிவியில் எந்தச் சேனல், கஸ்பார் எப்போது முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அவன் மனைவி ஆலிஸ் பார்த்துக்கொள்ளட்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் கார் வேறு விஷயம். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, கடல் நீல நிறம், இன்னும் சீட்டில் புது வாசனை போகவில்லை. அதற்குள் கஸ்பார் ஒரே ஒரு ஆசையை வைத்திருந்தான். அதை டாப் கியரில் போட்டு, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரே ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும்.

இது ஒரு ஆசையா என்று நீங்கள் கேட்கலாம். கஸ்பாரின் வேலை தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். எண்ணூர் துறைமுகத்தில் கப்பலில் கார் ஏற்றுகிற டிரைவர் அவன். யார்டில் வரிசையாக நிற்கும் புது வண்டிகளில் ஒன்றை எடுக்க வேண்டும். சாய்தளத்தில் ஏற்றி, பன்னிரண்டு மாடிக் கட்டடம் அளவுக்கு நிற்கும் கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோக வேண்டும். உள்ளே ஃபோர்மேன் சுப்புராயன் விசில் ஊதிக்கொண்டிருப்பார். விசில் எங்கே நிற்கிறதோ அங்கே வண்டி நிற்க வேண்டும். முன்னால் நிற்கும் வண்டிக்கும் இதற்கும் நடுவே ஒரு உள்ளங்கை நுழையலாம், இரண்டு நுழையக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி, வேனில் ஏறி யார்டுக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் அடுத்த வண்டி. பதினாலு வருஷத்தில் லட்சம் காருக்கு மேல் ஓட்டியிருப்பான். அத்தனையும் இரண்டாவது கியரில்.

ஒரு வண்டிக்கு ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷமும் கஸ்பார் இந்த ஊரில் இருக்க மாட்டான். சிலி நாட்டுக்குப் போகிற வண்டியில் உட்கார்ந்தால் அவன் சிலிக்காரன். மலை தெரியும், பனி தெரியும், தூரத்தில் யாரோ தொப்பி போட்டவர் கையாட்டுவார். தென்னாப்பிரிக்கா வண்டியில் வேறு வெயில், வேறு தூசி. எந்த நாடாக இருந்தாலும் ரோடு மட்டும் ஒன்றுதான். நேராகப் போகும், காலியாக இருக்கும், வண்டி டாப் கியரில் இருக்கும். அப்போது பார்த்து சுப்புராயன் விசிலை நிறுத்துவார். கஸ்பார் இறங்கி வேனுக்கு நடப்பான்.

அப்படிப்பட்டவனுக்குச் சொந்தமாக ஒரு கார் வந்திருக்கிறது. ரோடும் கையிலேயே இருந்தது. ஆலிஸின் தங்கை ஜானட் பழவேற்காட்டில் இருக்கிறாள். பொன்னேரி தாண்டிவிட்டால் ரோடு அமைதியாகிவிடும், பழவேற்காட்டை நெருங்கும்போது உப்புத் தண்ணீர் மினுங்கும், கொக்குகள் நிற்கும். அங்கேதான் என்று கஸ்பார் குறித்து வைத்திருந்தான்.

அந்த ரோட்டுக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று அரசாங்கம், இன்னொன்று ஆலிஸ்.

அரசாங்கம் பெரிய தொந்தரவு இல்லை. புது வண்டி என்றால் இதெல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பெல்ட் போடாவிட்டால் பீப். பின்னால் எடுக்கும்போது சுவர் கிட்டே வந்தால் பீப். எண்பதைத் தாண்டினால் பீப். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் மாட்டாவிட்டால் அதற்கும் பீப். ஆனால் கஸ்பாரின் காது பதினாலு வருஷமாகப் பீப்பிலேயே ஊறிய காது. உள்ளங்கை இடைவெளியில் நிறுத்துகிறவனுக்கு எந்த வண்டிதான் கத்தாமல் இருக்கும்? எத்தனை நாட்டு பீப் கேட்டாலும் அவன் கனவு கலைந்ததில்லை.

ஆலிஸின் குரல் அப்படி இல்லை. அது எந்தக் கனவின் கதவையும் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே வரும். முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் நெடுஞ்சாலையில் திருவொற்றியூர் வரை போனார்கள். கடல் ஒரு பக்கம், கன்டெய்னர் லாரி வரிசை ஒரு பக்கம். ஆலிஸ் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"லாரி."

"பாத்துட்டேன் ஆலிசு."

"பாத்துட்டு இன்னாத்துக்கு அது மேலயே போற?"

"அது நின்னுக்கினு கீது. நா சைடுல போறேன்."

"நிக்கிற லாரின்னா மோதலாம்னு எதுனா ரூலு கீதா?"

கஸ்பார் கடலைப் பார்த்தான். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. கடலும் வானமும் எங்கே சேர்கின்றன என்று தெரியாத காலை. அவன் கை தன்பாட்டுக்குக் கியரை மாற்றியது.

"இன்னாய்யா சத்தம் மாறுது? இன்னா பண்ண?"

"மூணாவது கியரு போட்டேன்."

"ரெண்டு நல்லாத்தானே இருந்துச்சு. அதுக்கு இன்னா கொறச்சல்?"

கஸ்பார் இரண்டுக்குத் திரும்பினான்.

"பிரேக்கு."

"இப்ப இன்னாத்துக்கு?"

"போட்டு வை."

போட்டு வைத்தான். பின்னால் வந்த ஆட்டோக்காரர் அவனுடைய குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டுப் போனார். வீடு வந்து சேர்ந்தபோது கஸ்பாருக்கு ஷிஃப்ட் முடிந்ததைவிடக் களைப்பாக இருந்தது. அன்றைக்குத்தான் தண்ணீர்த் தொட்டி, அன்றைக்குத்தான் அந்த முடிவு என்று சொல்ல ஆசைதான். ஆனால் முடிவெடுக்க அவனுக்கு இன்னும் இரண்டு ஞாயிறும் ஒரு ஈஸ்டரும் தேவைப்பட்டன.

வழி காட்டியது கூட வேலை செய்கிற அலி அக்பர். வேனில் திரும்பும்போது, "ஒரு வண்டி மாமு, பெல்ட்டு போட்டாலும் பீப்ப நிறுத்த மாட்டேங்குது. பாத்தா பக்கத்து சீட்டுக்கு அடியில ஒரு ஒயரு கழண்டுக்கீது" என்று சாதாரணமாகத்தான் சொன்னான். கஸ்பாருக்கு வேன் ஜன்னலுக்கு வெளியே பழவேற்காட்டு ரோடு தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஆலிஸ் காய்கறி வாங்கப் போயிருந்தாள். கஸ்பார் காரின் இடது பக்கக் கதவைத் திறந்து, தரையில் முட்டி போட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டான். பூசை நேரத்தில்கூட அவன் அவ்வளவு பக்தியாக முட்டி போட்டதில்லை. சுண்டு விரல் அளவுக்கு ஒரு பிளக். இழுத்தான், வந்துவிட்டது. எதிர்க் கடையிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் மொஹ்சின் குரல் கொடுத்தார்.

"கஸ்பார் அண்ணே, இன்னா தேடற?"

"ஒண்ணும் இல்ல பாய். சில்லறை வுழுந்துச்சு."

"சாவி வண்டியிலயே தொங்குது பாரு. தெனம் சொல்றேன்."

துறைமுகத்துப் பழக்கம் அது. கஸ்பாரின் கை வண்டியை நிறுத்தும், சாவியை அங்கேயே விடும், இறங்கும். அப்புறம் கால் இரண்டு அடி நடந்து வேனைத் தேடும். மொஹ்சின் இருக்கிற தைரியத்தில்தான் அந்தத் தெருவில் கார் இன்னும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலிஸ் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். வண்டி கத்த ஆரம்பித்தது.

"இன்னாய்யா இது?"

"பெல்ட்டு போட்டியா?"

"போட்டுக்கினு தான் கீறேன். பாரு."

கஸ்பார் பெல்ட்டைப் பார்த்தான். முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டான். நான்கு நாள் கண்ணாடி முன்னால் பழகியது.

"அப்போ அதுதான். புது ரூலு."

"இன்னா ரூலு?"

"பக்கத்துல குந்திக்கினு பேசிக்கினே வந்தா ஓட்டறவன் கவனம் செதறுதாம். ஆக்சிடென்ட்டு ஆவுதாம். அத்தொட்டு கவர்மெண்ட்டு ஒரு மிஷினு வெக்கச் சொல்லிக்கீது. யாரு பேசறாங்கன்னு அதுவே கண்டுபுடிச்சு அடிக்கும்."

"நா இன்னும் வாயே தொறக்கலியே."

"போன வாரம் பேசினது பதிவாயிருக்கும்."

ஆலிஸ் அவனைப் பார்த்தாள். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ரயில்வே கேட் வரை அப்படியே வந்தாள். பீப் நிற்கவில்லை.

"இப்போ நா பேசல" என்றாள்.

"மனசுல பேசியிருப்ப."

மனசுக்குள் அவள் பேசிக்கொண்டுதான் வந்தாள். அதுவும் இவனைப் பற்றித்தான். கேட் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் சத்தம் நின்றது. பின்னால் புதுச் சத்தம் தொடங்கியது.

"அங்கயும் பெல்ட்டு போடணும் ஆலிசு. அது மெய்யாலுமே ரூலு."

'மெய்யாலுமே' என்ற வார்த்தையை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் கஸ்பார் அப்போது அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தான். ஆலிஸ் அந்த வார்த்தையை எடுத்து எங்கேயோ பத்திரமாக வைத்துக்கொண்டாள் என்பது அவனுக்குத் தெரியாது.

"பின்னால குந்தினா பேசலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா பேசலாம். டிரைவருக்குக் கேக்கக் கூடாது, அவ்ளோதான்."

அப்படி ஒரு பொற்காலம் ஆரம்பித்தது. ஆலிஸ் பின்னால், கஸ்பார் முன்னால், நடுவே அமைதி. இடையில் ஒரே ஒரு கண்டம் வந்தது. காசிமேட்டில் ஐந்து கிலோ வஞ்சிரம் ஒன்றை வாங்கி, பையோடு முன் சீட்டில் வைத்தாள் ஆலிஸ். வண்டி கத்தியது.

பின் சீட்டிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"மீனு இன்னாய்யா சொல்லிச்சு உங்கிட்ட?"

கஸ்பார் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீன் தலையைப் பார்த்தான். நல்லவேளை.

"வாயத் தொறந்துகினு கீது பாரு. மிஷினுக்கு இன்னா தெரியும், பேசுதுன்னு நெனச்சுக்கிச்சு."

"ஓகோ" என்றாள் ஆலிஸ். அந்த 'ஓகோ'வில் நிறைய இடம் இருந்தது. கஸ்பார் அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் வேலையிலிருந்து வந்தபோது, காரின் இடது பக்கக் கதவு திறந்திருந்தது. மொஹ்சின் டார்ச் லைட்டோடு குனிந்திருந்தார். ஆலிஸ் பக்கத்தில் நின்றாள். விசில் நின்ற வண்டி மாதிரி கஸ்பார் அப்படியே நின்றான்.

"ஜெபமால கீழ வுழுந்திருச்சு. பாய் எடுத்துக் குடுத்தாரு" என்று ஆலிஸ் ஜெபமாலையைக் காட்டினாள். மொஹ்சின் கஸ்பாரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைக்குள் போய்விட்டார். கஸ்பார் அன்று மறுபடி முட்டி போட்டுப் பார்த்தான். பிளக் கழன்றபடியேதான் கிடந்தது. தப்பித்தோம் என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

அந்த வாரத்திலிருந்து ஆலிஸ் நல்ல மனைவியாகிவிட்டாள். அப்படித்தான் அவன் நினைத்தான். ஜூன் மாதம் வரும் அந்தோணியார் பண்டிகைக்கு முன்னால் ஒன்பது செவ்வாய் நவநாள் ஜெபத்துக்குப் போகப் போகிறேன் என்றாள். போகட்டும், நல்லது. நவநாள் முடிந்து வர நேரமாகும், ரமாபாய் அக்கா வண்டியில் வந்துவிடுவேன் என்றாள். வரட்டும். வேலைக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "இந்த வாரம் எந்த ஊரு கப்பல்யா?" என்று கேட்க ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. கஸ்பாருக்குக் கண் கலங்கியது.

"தென்னாப்பிரிக்கா."

"அதுக்கு ஸ்டீரிங்கு எந்தப் பக்கம்?"

"நம்ம மாதிரிதான், வலது."

"சரி, போய்ட்டு வா."

இவளுக்கு என் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று வழியெல்லாம் பூரித்துக்கொண்டு போனான். அந்த நாட்களில் அவன் கனவுகளும் பெருத்துவிட்டன. ஒரு செவ்வாய்க்கிழமை ஷிஃப்டுக்குப் போகும் வேனில் ஜன்னலோரம் அரைக் கண்ணில் சாய்ந்திருந்தான். எதிரே டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று வந்தது. நீலப் புடவையில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆலிஸின் முகம், ஆலிஸின் மூக்குத்தி. கார் கன்டெய்னர் லாரிக்கும் தண்ணி லாரிக்கும் நடுவே வளைந்து மறைந்தது. கனவில்கூட ஸ்டீரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டோமே என்று கஸ்பார் வருத்தப்பட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடினான்.

பழவேற்காடு மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு கப்பல் வந்துவிடும். ஒரு ஞாயிறு ஜானட்டுக்குக் காய்ச்சல். ஒரு ஞாயிறு, "அடுத்த வாரம் போலாம்யா, இன்னா அவசரம்?" என்றாள் ஆலிஸ். கடைசியில் ஒன்பதாவது செவ்வாயும் முடிந்தது. வியாழக்கிழமை காலை வழக்கம்போல வாசலில் நின்றாள்.

"இன்னா கப்பல்?"

"மெக்சிகோ. மூணு நாளு வேல. சனிக்கெழம சாய்ங்காலம்தான் முடியும்."

"ஸ்டீரிங்கு?"

"இடது. எல்லாமே இடதுதான்."

ஆலிஸின் முகம் மலர்ந்ததை அவன் நிஜமாகவே பார்த்தான்.

"அப்போ ஞாயித்துக்கெழம ஜானட்டு வூட்டுக்குப் போலாம். நண்டு வாங்கி வெக்கச் சொல்றேன்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெக்சிகோவுக்குப் போகிற வண்டியில் ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கும். கியர் வலது கையில் வரும். முதல் பத்து வண்டிக்கு டிரைவர்கள் தடுமாறுவார்கள், அப்புறம் உடம்பு பழகிவிடும். கப்பல் முடிந்த பிறகுதான் வம்பு. ஒரு முழு நாளுக்கு உடம்பு இந்தியாவுக்குத் திரும்பாது. ஒரு தடவை மெக்சிகோ முடிந்து வந்த அலி அக்பர், ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, கியர் என்று நினைத்து டிரைவரின் தொடையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டான். எர்ணாவூரில் இறக்கிவிட்டார்கள். கஸ்பாரும் அப்படித்தான். இடது கப்பல் வந்த வாரங்களில் தூக்கத்திலேயே ஆலிஸின் முழங்கையை இரண்டாவது கியருக்கு மாற்றுவான். இது ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்த முழங்கைக்குத் தெரியும்.

மூன்று நாளில் நூற்றிருபது வண்டி ஏற்றினான். நூற்றிருபது தடவை மெக்சிகோ போனான். அங்கே கள்ளிச் செடி, சிவப்பு மண், யாருமே இல்லாத ரோடு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் உட்கார்ந்திருந்தபோதும் கள்ளிச் செடிதான் தெரிந்தது. சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கஸ்பார் பொன்னேரியைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

பூசை முடிந்தது. மணி அடித்தது. கடல் காற்றில் உப்பும் கருவாடும் கலந்து வந்தன. கோயில் பக்கத்துச் சந்தில் நீல நிறக் கார் வெயிலில் பளபளத்தது, சாவி அதிலேயே தொங்கியது. கஸ்பார் மிதந்தபடி நடந்து போனான். கதவைத் திறந்தான், உட்கார்ந்தான், கதவைச் சாத்தினான், பெல்ட்டை இழுத்து மாட்டினான். ஒரு பெருமூச்சு விட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

கையில் ஸ்டீரிங் அகப்படவில்லை. டேஷ்போர்டுப் பெட்டியின் மூடிதான் அகப்பட்டது.

அடடா என்று சிரிப்பு வந்தது அவனுக்கு. சிரித்து முடிப்பதற்குள் வலது பக்கக் கதவு திறந்தது. ஆலிஸ் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். பெல்ட் போட்டாள். சாவியைத் திருகினாள். வண்டி உயிர் பெற்றது, கஸ்பாரின் சீட்டும் கத்த ஆரம்பித்தது.

"ஆலிசு, இன்னா பண்ற?"

"வண்டிய ஸ்டார்ட்டு பண்றேன்."

"அது டிரைவரு சீட்டு."

"தெரியும். நீ தானே இங்க குந்தாம அங்க போய்க் குந்திக்கின."

"அது மெக்சிகோ கப்பல்... நா மறந்து போய்... ஏந்திரு, யாராவது பாக்கப் போறாங்க. லைசன்சு இல்லாம ஸ்டீரிங்க தொட்டா போலீசு புடிக்கும்."

ஆலிஸ் மடியிலிருந்த ஜெபப் புத்தகத்தைத் திறந்தாள். அந்தோணியார் மன்றாட்டு இருந்த பக்கத்திலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"போட்டோதான் நல்லா வுழல" என்றாள்.

கஸ்பார் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். நீலப் புடவை, அதே மூக்குத்தி. அந்த வேன் ஜன்னல் ஞாபகம் வந்தது.

"நவநாளுக்குப் போறேன்னு தானே சொன்ன?"

"நவநாளுக்குத் தான் போனேன். லைசன்சு கெடைக்கணும்னு தான் நவநாளே. முடிஞ்சதும் ரமாபாய் அக்காகிட்ட கிளாஸு. அந்தம்மா டிரைவிங் ஸ்கூலு வெச்சிக்கினு கீது, உனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட கேட்டிருந்தா நா கத்துக் குடுத்திருப்பேனே."

"நீயுந்தான் கத்துக் குடுத்த. ஒம்போது வாரமா பின்னால குந்திக்கினு உன்னையே பாத்தேன்ல. எதெது செய்யக் கூடாதுன்னு நல்லாப் புரிஞ்சுது."

பீப் நிற்கவில்லை. பூசை முடிந்து வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஆலிஸ் மிகவும் சாந்தமாகக் கேட்டாள்.

"இன்னாய்யா கத்துது? பெல்ட்டு போட்டியா?"

"போட்டுக்கினு தான் கீறேன்."

"அப்போ அதுதான். நீ பேசியிருப்ப."

"நா இன்னா பேசினேன்?"

"மனசுல."

கஸ்பாரின் கை தானாகச் சீட்டுக்கு அடியில் போனது. விரல் நுனியில் அந்தப் பிளக் தட்டுப்பட்டது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், சத்தம் நின்றுவிடும். நின்றால், நின்றது எப்படி என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் ஒன்பது வாரமும் வெளியே வரும், வாயைத் திறந்த மீனும் வெளியே வரும். பிடுங்குவதற்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. மாட்டுவதற்கு ஒரு ஆண்பிள்ளையின் மானம் முழுவதும் தேவைப்பட்டது. கையை வெளியே எடுத்துக்கொண்டான்.

"ரூலு ரூலுதான்யா" என்றாள் ஆலிஸ். "நீ பின்னால போய்க் குந்து."

கஸ்பார் இறங்கிப் பின்னால் ஏறினான். முன்னால் சத்தம் நின்றது. பின்னால் ஆரம்பித்தது.

"அங்கயும் பெல்ட்டு உண்டு" என்றாள் ஆலிஸ். "அது மெய்யாலுமே ரூலு."

வண்டி கிளம்பியது. சந்திலிருந்து அவள் அதை எடுத்த விதத்தைப் பார்த்து கஸ்பார் ஏமாந்துபோனான். ஒரு உறுமல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. திருவொற்றியூரில் இரண்டு டிரெய்லருக்கு நடுவே ஊசி நுழைகிற மாதிரி நுழைந்து வெளியே வந்தாள். காத்திவாக்கத்தில் வலை காயப் போட்டிருந்த மணலுக்குப் பக்கமாக மெதுவாகப் போனாள். அத்திப்பட்டின் உயரமான புகைபோக்கிகள் வந்தன, நின்றன, பின்னால் போயின. கழிமுகத்துத் தண்ணீரில் காலை வெளிச்சம் உடைந்து உடைந்து மிதந்தது. கஸ்பாருக்கு முதலில் அழுகை வந்தது. ஒன்பது வாரம் காத்திருந்த ஞாயிறு இப்படியா முடிய வேண்டும்? பதினாலு வருஷம் இரண்டாவது கியரில் ஓட்டியவனுக்கு இந்த ஒரு ரோட்டைக் கொடுத்திருக்கக் கூடாதா?

மீஞ்சூர் போனது. பொன்னேரி போனது. ரோடு காலியானது.

ஆலிஸின் இடது கை இறங்கியது. மூன்று. வண்டி பெருமூச்சு விட்டது. நான்கு. பனை மரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடின. ஐந்து.

அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. டாப் கியர் என்றால் இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று கஸ்பாருக்கு யாரும் சொன்னதில்லை. வண்டி நிற்பதுபோலவும் ஊர்தான் நகர்வதுபோலவும் இருந்தது. உப்புத் தண்ணீர் வந்தது. கொக்குகள் வந்தன. அவன் வைத்த இடத்தில்தான் எல்லாம் நின்றன, அவன் மட்டும்தான் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தான். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணாடியில் ஆலிஸின் கண் தெரிந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே எங்கேயோ இருந்தது அந்தக் கண். அந்த இடம் கஸ்பாருக்குத் தெரியும். லட்சம் தடவை போய் வந்த இடம். இருபத்திரண்டு வருஷத்தில் இவளும் அங்கே போக ஆசைப்படுவாள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தான். நல்லா ஓட்டற ஆலிசு என்று ஒரு வார்த்தை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

தூரத்தில், ரொம்ப தூரத்தில், ரோட்டோரம் ஒரு ஆடு நின்றது.

"பிரேக்கு" என்றான் கஸ்பார்.

"இன்னாத்துக்கு?"

"போட்டு வை."

ஆலிஸ் திரும்பவில்லை. காலையும் எடுக்கவில்லை. ஆடு நின்ற இடத்திலேயே நின்று அவர்கள் போவதைப் பார்த்தது.

"முன் சீட்டு ஒயர நீ புடுங்கிட்ட" என்றாள். "பின் சீட்டுல கத்தற ஆளுக்கு ஒயரு எங்க கீதுன்னு மொஹ்சின் பாயத்தான் கேக்கணும்."

அதற்குப் பிறகு பழவேற்காடு வரை, கஸ்பார் ஆசைப்பட்டபடியே, டாப் கியரில், வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.